லாரிக்கு ஓடுது, டிரைவருக்கு விழுது

ஜெலாப்பாங், ஈப்போ
17.2.1985

அன்புள்ள தங்கச்சி விமலாவுக்கு,

இங்கு நானும் உன் அண்ணியும் அம்மாவும் சுகம். சிங்கப்பூரில் உன் சுகத்துக்கு எழுது. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. வீட்டில் இனிப்பை வாங்கி வைப்பது நான்தான் என்று டாக்டரிடமே புகார் சொல்கிறார். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் போய் வந்ததில் கால் வீங்கி, இப்போது வற்றிவிட்டது.

என் பாட்டைக் கேள். எங்கள் லாரிக் கம்பெனிக்குப் புது கம்ப்யூட்டர் வந்த பிறகு என் கீழ் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். நான்கு பேரையும் கூட்டினாலும் ஒரு ஆள் தேறாது. நான்காமவன் பெயர் பத்துமலை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரன் மகன். பாலிடெக்னிக்கில் ஒரு டிப்ளோமா வாங்கியிருக்கிறான். தோட்டத்தையே விற்று, ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்டுவிட்டார்கள், இவன் என்ன செய்வான், இங்கே வந்து சேர்ந்தான். எங்கள் முதலாளி தௌக்கேக்குச் சம்பளம் குறைவாகக் கேட்கிற ஆள் என்றால் போதும்.

நீ வங்கிக்குப் புரோகிராம் எழுதுகிறவள். கூட்டலும் கழித்தலும் தவிர வேறொன்றும் கண்டிருக்க மாட்டாய். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குள் நான் ஒரு டேபிள், அதாவது அட்டவணை, எழுதியிருக்கிறேன். ஒரு பெயரையோ நம்பரையோ சாவியாகக் கொடுத்தால் அதற்குரிய பொருளைத் தேடாமல் நேரே எடுத்துக் கொடுக்கும். எந்த லாரிக்கு இன்றைக்கு எந்தப் பயணம் என்று கேட்டால் உடனே சொல்லும். மூன்று வருடமாக ஒரு முறைகூடப் பாதியில் நின்று விழுந்ததில்லை. பேராக் முழுவதும் தேடினாலும் இப்படி ஒன்றை எழுத ஆள் கிடையாது.

பத்துமலை அந்த டேபிளில் லாரியோடு டிரைவர்களையும் சாவியாகப் போடுகிறான். டிரைவர் பெயரைத் தட்டினால் போதும், முழுக் கம்ப்யூட்டரும் செத்துப் போகிறது. காலையில் லாரிகள் யார்டில் வரிசையாக நிற்கின்றன. யார்டைப் பார்க்கிற சதாசிவம் என் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு பெருமூச்சு விடுகிறார். தோட்டத்துப் பிள்ளையிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

நேரத்துக்குச் சாப்பிடு. வெளியில் அதிகம் தின்னாதே.

அன்பு அண்ணன்,
குலசிங்கம்


சிங்கப்பூர்
1.3.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் கால் வற்றியது கேட்டு நிம்மதி. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வங்கியில் கூட்டலும் கழித்தலும்தான் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வெகு நாளைக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

ஒன்று கேட்கிறேன். லாரிக்கு ஒரு மாதிரி ரெக்கார்ட், டிரைவருக்கு வேறு மாதிரி ரெக்கார்ட் இருக்கும். இரண்டையும் ஒரே டேபிளில் எப்படிப் போட முடிகிறது? பத்துமலை டேபிளிடம் கொடுக்கிற அட்ரஸ் ரெக்கார்டின் எந்த இடத்தைக் காட்டுகிறது?

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று நான் கேட்கவில்லை. அந்த அட்ரஸ் எங்கே போகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

அம்மாவின் மருந்தை வேளைக்குக் கொடுங்கள்.

தங்கச்சி,
விமலாதேவி


ஈப்போ
12.3.1985

அன்புள்ள விமலாவுக்கு,

அனைவரும் சுகம். ஈப்போவில் வெயில் சுண்ணாம்பு மலைகளையே காய்ச்சிவிடும் போலிருக்கிறது.

நீ கேள்வி கேட்கிற தோரணையைப் பார்த்தால் உன்னை நான்தான் படிக்க வைத்தேன் என்பது மறந்துவிட்டது போலிருக்கிறது. இருக்கட்டும். பதில் சொல்கிறேன். பயணம் போகக்கூடிய எதுவானாலும், லாரியோ டிரைவரோ, மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பெயர் என்ன, காலியா, எங்கே இருக்கிறாய். இந்த மூன்றையும் சேர்த்து ஒரு முகப்பு வைத்திருக்கிறேன். முகப்பு உள்ள எதை வேண்டுமானாலும் என் டேபிளுக்குச் சாவியாகக் கொடுக்கலாம் என்று விதிமுறையில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். சாவியை எங்கே வைப்பது என்று டேபிள் ரெக்கார்டின் தலையில் உள்ள குறிப்பைப் பார்த்துக்கொள்ளும். லாரி ரெக்கார்டில் முகப்புதான் முதலில் வரும். டிரைவர் ரெக்கார்டில் முதலில் லைசென்ஸ், லீவு, மருத்துவம் என்று பல சங்கதி இருக்கிறது, முகப்பு நடுவில் வரும். பத்துமலை முகப்பின் அட்ரஸைத்தான் கொடுக்கிறான். அதில் என்ன அதிசயம்?

நேற்று எல்லோர் முன்னாலும் அவனை நிறுத்திக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "லாரிக்கு ஓடுது சார், டிரைவருக்கு விழுது. ஒரே டேபிள்தான லா, எனக்குப் புரியல" என்றான். புரியவில்லை என்பதைச் சொல்ல ஒருவனுக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்டேன். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிப்பதில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணியைக் கண்டால் பல்லைக் காட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கும் பழக்கம், இன்னும் அவன் உடம்பை விட்டுப் போகவில்லை.

என் டேபிளைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டான். கேட்டானே, பார். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அம்மா உனக்கு வெங்காய வடகம் போட்டு வைத்திருக்கிறார். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணன்,
குலசிங்கம்


சிங்கப்பூர்
20.3.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். வடகத்துக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பெருமை பேசுகிற இடத்தைத் தாண்டி ஒரு முறை படித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஒரு சாவியை எந்த இடத்தில் வைப்பது என்று கணக்குப் போட உங்கள் டேபிள் என்ன செய்கிறது? ரெக்கார்டின் தலையில் எழுதி வைத்திருக்கிற குறிப்பைப் படிக்கிறது. கொடுத்த அட்ரஸ்தான் தலை என்று நம்பிக்கொண்டு படிக்கிறது. லாரியில் தலையும் முகப்பும் ஒரே இடம், அதனால் தப்பித்துக்கொண்டீர்கள். மூன்று வருடமும் உங்கள் டேபிள் சரியாக இருந்ததாக அர்த்தமில்லை. லாரியைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். டிரைவருக்கு முகப்பு நடுவில் இருக்கிறது. உங்கள் டேபிள் அந்த நடுவைத் தலை என்று நினைத்து அந்த இடத்தில் இருக்கிற வேறு எதையோ குறிப்பாகப் படித்து, அது காட்டுகிற இடத்துக்குத் தாவுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. விழாமல் என்ன செய்யும்?

முகப்பு உள்ள எதை வேண்டுமானாலும் கொடு என்று விதி எழுதியது நீங்கள். பத்துமலை அந்த விதிப்படிதான் கொடுத்திருக்கிறார். முகப்பிலிருந்து தலைக்கு எத்தனை தூரம் என்று ஒவ்வொரு முகப்பிலும் எழுதி வைத்து, அந்தத் தூரம் பின்னால் போன பிறகு படிக்கும்படி டேபிளை மாற்றுங்கள். இரண்டு வரி வேலை. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

விமலா


ஈப்போ
19.5.1985

அன்புள்ள விமலாவுக்கு,

இரண்டு மாதமாக எழுத நேரமில்லை. இங்கு அனைவரும் சுகம். அம்மாவின் சர்க்கரை இறங்கிவிட்டது. தெலுக் இந்தானிலிருந்து அண்ணியின் தங்கை வந்து ஒரு வாரம் தங்கிப் போனாள். பின்வாசல் மாமரத்தில் இந்த வருடம் காய் அதிகம், அணிலுக்கும் நமக்கும் போதும். வடகத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், பெற்றுக்கொண்டதும் எழுது.

ஏப்ரலில் ஒரு காலை கம்ப்யூட்டர் செத்து லாரிகள் நின்றுபோயின. ஆயர் தாவாரில் வெட்டிய செம்பனைக் குலைகள் மதியம் வரை வெயிலில் கிடந்து, மில்லில் எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தௌக்கே முகம் சிவந்து போய்விட்டது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. மெஷின் நன்றாக ஓடுகிறது. லாரி, டிரைவர் எல்லாம் ஒரே டேபிளில். தௌக்கே நேற்று எனக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தார்.

பத்துமலை இப்போது இங்கில்லை. கம்பெனி முடிவு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்,
குலசிங்கம்


சிங்கப்பூர்
28.5.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். வடகம் உடையாமல் வந்து சேர்ந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

மெஷின் எப்போதிலிருந்து நன்றாக ஓடுகிறது? பத்துமலை எப்போது போனார்? அவர் போவதற்கு முன்னால் உங்கள் டேபிளைத் திறந்தீர்களா?

மாங்காயைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதலாம்.

விமலா


ஈப்போ
9.6.1985

விமலாவுக்கு,

அம்மா சுகம். அண்ணி சுகம். நானும் சுகம், நீ கேட்காவிட்டாலும்.

அண்ணனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். அப்பா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டியிருப்பேன். ஒரு வங்கியில் ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்து பாஸ்புக் கணக்கு அச்சடிக்கிற உனக்கு, இருநூறு லாரியும் ஒரு தௌக்கேயும் தலையில் உட்கார்ந்தால் என்ன பாடு என்று தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆளில்லாத அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து அந்தச் சனியனைச் சரி செய்தவன் நான். நீ செய்யவில்லை. உன் பத்துமலையும் செய்யவில்லை.

அடுத்து வந்த புதன்கிழமை தௌக்கே வந்து மேசையைத் தட்டி, குலை கெட்டதற்கு யார் பொறுப்பு, எனக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார். அந்த மனிதனிடம் முகப்பு, தலை என்று பாடம் நடத்தச் சொல்கிறாயா? அவருக்குத் தெரிந்ததெல்லாம் யார் வேலை செய்தபோது விழுந்தது என்பதுதான். அதைச் சொன்னேன். அதில் பொய் இல்லை. பத்துமலை வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு வணக்கம் வேறு சொல்லிவிட்டுப் போனான். ரோஷம் உள்ளவன் சண்டையாவது போட்டிருப்பான்.

அவனுக்கென்ன, இளைஞன். எனக்கு வீட்டுக் கடன், அம்மாவின் மருந்து, இந்த வயதில் வேறு இடம் யார் தருவார்கள்? இதையெல்லாம் யோசிக்காமல் பேனாவை எடுத்துவிடுகிறாய்.

அம்மா உன்னைக் கேட்டார்.

குலசிங்கம்


சிங்கப்பூர்
18.6.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சரி செய்தீர்கள். பிழை உங்கள் டேபிளில் என்று அன்றைக்கே தெரியும். புதன்கிழமை அவர் பெயரைச் சொன்னீர்கள். நடுவில் திங்களும் செவ்வாயும் அவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். மெஷின் ஏன் திடீரென்று விழவில்லை என்று அவர் யோசித்திருப்பார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவருக்கு ரோஷமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு தன்னுடையது என்று நம்புகிறவன் எதற்குச் சண்டை போடுவான்? அப்படி அவரை நம்ப வைத்தது யார்?

பிழை எல்லோருக்கும் வரும். எனக்கும் வருகிறது, வங்கியில் அதற்குப் பெரிய விலை. உங்கள் பிழையைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. தௌக்கேயிடம் சொல்லத் தைரியமில்லை என்றால் விடுங்கள். பத்துமலைக்காவது நான்கு வரி எழுதுங்கள். உங்கள் கம்பெனியில் அவர் முகவரி இருக்கும். நானே எழுதலாம், எழுத மாட்டேன். நீங்கள் எழுத வேண்டிய கடிதம் அது.

அம்மாவிடம் நான் சுகம் என்று சொல்லுங்கள்.

விமலா


ஈப்போ
6.10.1985

அன்புள்ள தங்கச்சி விமலாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீண்ட நாளாக உன் கடிதம் இல்லை, நானும் எழுதவில்லை. பழையதை விடுவோம். தீபாவளிக்கு வருவாயா என்று அம்மா தினமும் கேட்கிறார். முறுக்கு மாவுக்கு அரிசி ஊறப் போட வேண்டுமாம், உன் பதிலைப் பொறுத்துத்தான் எத்தனை படி என்று முடிவாம். அண்ணிக்கு முதுகுவலி. ஒரு சீன வைத்தியர் எண்ணெய் கொடுத்திருக்கிறார். வீடு முழுவதும் அந்த வாடைதான்.

ஒரு சின்ன விஷயம். அந்தப் பத்துமலை உங்கள் வங்கியிலேயே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறானாம். நீ அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. உங்கள் ஆட்கள் எங்கள் கம்பெனிக்கு எழுதி, அவன் எப்படி என்று கேட்டிருந்தார்கள். பதில் என் பெயரில்தான் போக வேண்டும். உள்ளது உள்ளபடி எழுதினேன். கம்ப்யூட்டர் பல முறை விழுந்ததால் நீக்கப்பட்டான் என்று. வேறு மாதிரி எழுதினால் தௌக்கே என்னைக் கேட்பார் அல்லவா?

உன்னை யாராவது கேட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. சும்மா இரு, அவ்வளவுதான். அப்பா பெயரோடு சபாநாதன் மகன், சபாநாதன் மகள் என்று நம் இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஒரு தோட்டத்துப் பையனுக்காக நம் குடும்பப் பெயரை அந்நியர் நடுவில் போட்டு உடைக்காதே. அவனுக்கு லாரியில் கிளீனர் வேலை கிடைத்திருக்கிறது என்று சதாசிவம் சொன்னார். பசியால் சாகவில்லை.

தீபாவளிக்கு வா.

உன் அண்ணன்,
குலசிங்கம்


சிங்கப்பூர்
24.11.1985

அண்ணாவுக்கு,

தீபாவளிக்கு வர முடியவில்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் நேர்முகத் தேர்வு நடந்தது. எங்கள் மேலாளர் மிஸ்டர் லிம் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். பத்துமலையை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். இரவல் வாங்கிய கோட் போலிருந்தது, கை நீளமாகத் தொங்கியது. மிஸ்டர் லிம் நீங்கள் எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார். நீங்கள் எழுதியது பொய், தன் மேல் பழி போட்டார்கள் என்று அவர் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் திக்கினார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நான் இருந்த வரைக்கும் விழுந்துச்சிக்கா. நான் போனப்புறம் விழலன்னு சொன்னாங்க. அப்ப தப்பு என்கிட்டதான இருந்திருக்கணும். இத்தன மாசமா யோசிக்கிறேன். லாரியில போறப்பகூட அதேதான் மனசுல ஓடுது. என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் இன்னும் தெரியல. தெரிஞ்சா சொல்லிட்டு வேலைய வாங்கிக்குவேன், தெரியாம எப்படி இனிமே பண்ண மாட்டேன்னு சொல்றது?"

மிஸ்டர் லிம் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. எழுந்து போர்டில் இரண்டு பெட்டி போட்டேன். ஒன்று லாரி, ஒன்று டிரைவர். முகப்பு எங்கே, தலை எங்கே என்று காட்டினேன். உங்கள் டேபிள் எந்த இடத்தைப் படித்தது என்று ஒரு கோடு இழுத்தேன். மிஸ்டர் லிம் பாதியிலேயே புரிந்துகொண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பத்துமலை எழுந்து போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டு, மெதுவாக முழுவதும் போய்ப் பார்த்தார். மூன்று முறை பார்த்தார்.

"அப்ப என் புரோகிராம் சரியா இருந்திச்சா?" என்று கேட்டார்.

சரியாக இருந்தது என்றேன். தவறு டேபிளில் என்றேன். அதை எழுதியவருக்கு அது தெரியும், உங்களை அனுப்புவதற்கு முன்பே தெரியும், அவர் என் கூடப் பிறந்த அண்ணன் என்றேன். அதைத் தமிழிலும் சொன்னேன், ஆங்கிலத்திலும் சொன்னேன். குடும்பப் பெயர் உடைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அவர் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். கோட்டின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "எங்கப்பாகிட்ட நானே போய்ச் சொன்னேங்க்கா, மெஷினக் கெடுத்தது நான்தான்னு. அவர் தோட்டத்து லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லி, மன்னிச்சுக்கங்கன்னு மாரியம்மன் கோயில்ல அர்ச்சன பண்ணாரு" என்றார். பிறகு அழுதார். மிஸ்டர் லிம் வெளியே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

இத்தனை மாதம் ஒரு மனிதர் இதைச் சுமந்துகொண்டு லாரியில் மூட்டை இறக்கியிருக்கிறார். நான்கு வரி எழுதச் சொன்னேன். நீங்கள் எழுதவில்லை. நான் எழுதியிருக்கலாம். உங்களை நம்பி இருந்தேன்.

வேலை அவருக்குத்தான். டிசம்பர் முதல் தேதி சேருகிறார். நீங்கள் அனுப்பிய பதிலை மிஸ்டர் லிம் என்னிடம் கொடுத்து, இதை ஃபைலில் வைக்கவா என்று கேட்டார். குப்பையில் போடலாம் என்றேன்.

அவரைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதங்களெல்லாம் என்னிடம் இருக்கின்றன. பால்வெட்டுக்காரன் மகன், பல்லைக் காட்டும் பழக்கம், ரோஷமில்லாதவன். படித்தவர் நீங்கள், அப்பாவைப் போல அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டியவர் என்று அம்மா சொல்லுவார். நானும் நம்பி வளர்ந்தேன். இப்போது உங்களை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் தனியாக எழுதுகிறேன்.

விமலாதேவி


ஈப்போ
15.12.1985

அன்புள்ள விமலாவுக்கு,

இங்கு மழை. கிந்தா ஆறு கரை ஏறி, பழைய டவுனில் கடைகளுக்குள் தண்ணீர். நம் பக்கம் வரவில்லை. அம்மா சுகம். அண்ணியின் முதுகு பரவாயில்லை. எனக்குக் கொஞ்சம் பிரஷர் என்று டாக்டர் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதும்படி அதில் ஒன்றும் இல்லை. பெரியவளாகிவிட்டாய், உனக்குத் தோன்றுவதை எழுதுகிறாய்.

கம்பெனியில் எல்லாம் வழக்கம் போலத்தான். தௌக்கேயின் மகன் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து என் அறையில் ஒரு மேசை போட்டிருக்கிறான். கம்ப்யூட்டர் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. என் டேபிளைப் பார்த்துவிட்டு, மற்றத் திருத்தத்துக்கெல்லாம் தேதி இருக்கிறதே, இந்த இரண்டு வரி மட்டும் ஏன் தேதி போடாமல் இருக்கிறது என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

அம்மா பொங்கலுக்கு உன்னிடம் வந்து ஒரு மாதம் இருக்க ஆசைப்படுகிறார். ரயிலில் அனுப்புகிறேன். பெட்டியில் இரண்டு பாட்டில் மாங்காய் ஊறுகாய் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை யாருக்கு வேண்டுமானாலும் கொடு.

வேறு விசேஷம் இல்லை. பத்துமலை என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

குலசிங்கம்


சிங்கப்பூர்
2.1.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அம்மாவை எந்த ரயிலில் ஏற்றுகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பிரஷருக்கு மருந்தைத் தவற விடாதீர்கள்.

பத்துமலை டிசம்பரில் சேர்ந்துவிட்டார். எனக்கு மூன்று மேசை தள்ளி உட்காருகிறார். சேர்ந்த இரண்டாம் வாரமே நான் எழுதியதில் ஒரு பிழையைக் காட்டினார், உண்மையிலேயே பிழைதான், திருத்திவிட்டேன். அவர் எழுதியதில் நான் இரண்டு காட்டினேன். முதல் சம்பளத்தில் சுங்கை சிப்புட்டுக்குப் போய் அப்பாவை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாராம். மதியச் சாப்பாட்டின்போது அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பேசக்கூடிய மனிதர். பந்து விளையாட்டு, லாரி, அவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், எல்லாவற்றைப் பற்றியும் பேசுகிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் போர்டுக்கு முன்னால் நின்ற பிறகு உங்கள் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. கேட்கவும் இல்லை.

விமலாதேவி